ஐந்துக்கு முன் எது வளையும்?

விஜயதசமியன்று காலையில் நடனம் சொல்லித்தரும் டீச்சர் வீட்டு வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே வெற்றிலை பாக்குத் தட்டோடு பெற்றோர். அவர்கள் இடுப்பிலும் விரலைப் பிடித்தபடியும் மூன்று வயதுப் பிள்ளைகள். "மூணு முடிஞ்சுதுங்க டீச்சர். இப்பவே சேத்துட்டா நல்லதுங்களே" என்பார் அம்மா. கூட வந்த பாட்டி பழமொழியை எடுத்துக் கொடுப்பார்: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். ஆனால் இரண்டும் தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வாளையார், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஒரு பக்கம். மறையூர், வட்டவடை, குமுளி இன்னொரு பக்கம். இந்த எல்லையோரத்தில் எத்தனையோ பிள்ளைகள் வீட்டில் தமிழும் அங்கன்வாடியில் மலையாளமும் கேட்டு வளர்கிறார்கள். 1957இல் தொடங்கிய பள்ளிக் கலைவிழாவான கலோல்சவம் கேரளத்தில் நடனத்தை ஊர்ப் பெருமையாக்கிவிட்டது. அந்த மேடை வளர்ந்த பிள்ளைகளுக்கு நல்லதொரு வாய்ப்பு. அதன் அவசரம் மட்டும் பால்வாடி வயதுக்கு இறங்கி வந்துவிட்டது.

பாட்டியின் பழமொழியை அறிவியலைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். மூன்று, நான்கு வயதில் குழந்தையின் உடலில் எது வளையும்? எதை வளைக்கக் கூடாது?

மூன்றாம் நாளே தாளம்

நம் முன்னோர் குழந்தையின் வளர்ச்சியை அசைவைக் கொண்டே அளந்தார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. ஓராண்டு நிறையும்போது தளர்நடையிட்டு வருவது வருகை. பின்னாளில் ஆண்பிள்ளைக்குச் சிறுபறையும் சிறுதேரும், பெண்பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும். இன்றைய குழந்தை மருத்துவரும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் கேட்கிறார்: கவிழ்ந்து தலை தூக்குகிறானா, கைதட்டுகிறானா, நடக்கிறானா?

தாளம் இந்தப் பருவங்களுக்கெல்லாம் முன்பே வந்துவிடுகிறது. 2009இல் ஹங்கேரி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்கள் தூங்கும்போது அவர்களுக்குச் சீரான தாளவாத்திய ஒலியைக் கேட்கவிட்டார்கள். அவ்வப்போது முதல் தட்டை மட்டும் விட்டுவிட்டு வாசித்தார்கள். அது விடுபட்ட ஒவ்வொரு முறையும் சிசுவின் மூளை அலையில் ஒரு துள்ளல் பதிவானது. அடுத்த தட்டு எங்கே விழ வேண்டும் என்று அந்தப் பிஞ்சு மூளை எதிர்பார்த்திருக்கிறது. மிருதங்கத்துக்குப் பாலக்காடு மணி ஐயரைத் தந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்கும் இந்தச் சொத்து ஒன்றுதான். மூணாறுப் பக்கம் தொழிலாளர் குடியிருப்பு வரிசையை 'லயம்' என்கிறார்கள். இசையில் காலக்கணக்குக்கும் பெயர் லயமே. பெயர் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம். அங்கே பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் லயத்தோடு பிறக்கிறது என்பது உண்மை.

தகவா, தகிடவா?

காதால் கேட்பது ஒரு பாதி. இன்னொரு பாதி உடம்பு. இதைக் காட்டும் அழகான சோதனை ஒன்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2005இல் வெளிவந்தது. ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஒரு தாளத்தைக் கேட்கவிட்டார்கள். அதில் எந்தத் தட்டும் அழுத்தமாக ஒலிக்காது. இரண்டிரண்டாகவும் எண்ணலாம், மும்மூன்றாகவும் எண்ணலாம். நம் சொற்கட்டில் சொன்னால், 'தக தக தக' என்றும் கேட்கலாம், 'தகிட தகிட' என்றும் கேட்கலாம். ஒலி ஒன்றே.

சில குழந்தைகளைக் கையில் ஏந்தி இரண்டாம் தட்டுக்கு ஒருமுறை துள்ளவைத்தார்கள். மற்றவர்களை மூன்றாம் தட்டுக்கு ஒருமுறை. பிறகு அழுத்தம் சேர்த்த இரண்டு தாளங்களையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். இரண்டில் துள்ளிய குழந்தை இரண்டின் தாளத்தையும், மூன்றில் துள்ளிய குழந்தை மூன்றின் தாளத்தையும் அதிக நேரம் விரும்பிக் கேட்டது. உடம்பு எப்படி ஆடியதோ, காது அப்படிக் கேட்கக் கற்றுக்கொண்டது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது. குழந்தையின் கண்ணைக் கட்டிவிட்டுத் துள்ளவைத்தபோதும் இதே விளைவு வந்தது. குழந்தையைச் சும்மா உட்காரவைத்து, பெரியவர் துள்ளுவதைப் பார்க்க மட்டும் விட்டபோது விளைவு வரவில்லை. கண்ணால் பார்த்த ஆட்டம் காதுக்குள் போய்ச் சேரவில்லை. சொந்த உடம்பு ஆடியிருக்க வேண்டும். கைபேசியில் நடன வீடியோவைப் போட்டுப் பிள்ளையின் முன் சாய்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகிற நமக்கெல்லாம் இதில் பாடம் இருக்கிறது.

வீடியோ வேண்டாம், இயந்திரம் அடிக்கும் தாளம் போதுமே என்று கேட்கலாம். அதையும் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியில் கிர்ஷ்னர், தோமசெல்லோ என்ற இருவர் இரண்டரை வயது முதல் நாலரை வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முரசு கொடுத்தார்கள். எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து கொட்டியபோது குழந்தைகள் சேர்ந்து கொட்டிய அளவுக்கு, இயந்திரத்தோடும் ஒலிபெருக்கியோடும் சேர்ந்து கொட்டவில்லை. தாளம் இந்த வயதில் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகிறது.

அவர்கள் காலம் வேறு

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை. நான்கு வயதுப் பிள்ளையிடம் எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்துக் கொடுத்து, "உனக்குப் பிடிச்ச மாதிரி தட்டு" என்று சொல்லுங்கள். வேகமாகவோ மெதுவாகவோ தட்டச் சொல்ல வேண்டாம். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பிறகு நீங்கள் தட்டிப் பாருங்கள். பெரியவர்கள் இயல்பாகத் தட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100. தட்டுக்குத் தட்டு 0.6 விநாடி. இரண்டரை முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 0.4 விநாடி, நிமிடத்துக்கு 150 பக்கம் போகும். வயது ஏற ஏற இந்த உள்கடிகாரம் மெல்ல நிதானப்படுகிறது.

நடன வகுப்பில் அடிப்படை அசைவான அடவை முதலில் முதற்காலத்தில், அதாவது விளம்பத்தில், சொல்லித்தருகிறோம். மெதுவானது எளிது என்பது பெரியவரின் அனுபவம். மூன்று வயதுக்கு மெதுவானதுதான் கடினம். தட்டுக்கழி நிமிடத்துக்கு அறுபது முறை விழுந்தால், ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முழு விநாடி பிள்ளை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு முழுவதும் தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க வேண்டும். தாளத்தை மனதில் தாங்க வேண்டும், உடலை ஒற்றைக்காலில் தாங்க வேண்டும், முந்திக்கொள்ளத் துடிக்கும் காலையும் அடக்க வேண்டும். மூன்று வேலைகளும் ஒரே நேரத்தில். "ஓடாதே, மெதுவா!" என்று டீச்சர் சத்தம் போடுகிறார். பிள்ளை தாளம் தப்பியதாக நினைக்கிறோம். பிள்ளை தன் தாளத்தில் சரியாகவே இருக்கிறது.

இதற்குத் தீர்வு எளியது. முதலில் டீச்சர் பிள்ளையின் வேகத்துக்குப் போகட்டும். அது நடக்கும் வேகத்துக்குத் தானும் கைதட்டட்டும். நான்கு வயதை நெருங்கும்போது தட்டின் வேகத்தைச் சிறிது கூட்டியும் குறைத்தும் விளையாட்டுக் காட்டினால் பிள்ளை பின்தொடரத் தொடங்கும்.

ஒற்றைக்காலும் 'ஸ்டேச்சு'வும்

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று சாட்சிகள் வேண்டும். கண் ஒன்று. காதின் உட்பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்களில் அசையும் திரவம் இரண்டாவது. தசையிலும் மூட்டிலும் இருந்து வரும் சேதி மூன்றாவது. தட்டாமாலை சுற்றி நின்றதும் உலகம் சுற்றுவது ஏன்? நாம் நின்ற பிறகும் அந்தத் திரவம் நிற்காமல் ஓடுவதால்தான். பிள்ளைகள் அலுக்காமல் தட்டாமாலை சுற்றுவது காதுக்குள் இருக்கும் அந்தக் கருவியைத் தாங்களே பழக்கிக்கொள்வது போன்றது.

சின்ன வயதில் இந்த மூன்றில் கண்ணின் சாட்சிக்கே செல்வாக்கு அதிகம். எடின்பரோவில் லீ, ஆரன்சன் இருவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், நிற்கப் பழகிய குழந்தைகளை ஒரு சிறு அறைக்குள் நிறுத்தினார்கள். தரை அசையவில்லை. சுவர்கள் மட்டும் மெல்ல நகர்ந்தன. குழந்தைகள் தள்ளாடினார்கள், சிலர் விழுந்தார்கள். கண் சொன்னதை நம்பி, பாதம் சொன்னதை விட்டுவிட்டார்கள். நான்கு முதல் ஆறு வயதுக்குள் மூன்று சாட்சிகளையும் ஒப்பிட்டு முடிவெடுக்கும் திறமை உருவாகத் தொடங்குகிறது. மூன்று வயதில் ஒற்றைக்காலில் கணநேரம் நிற்கிற பிள்ளை, நான்கில் நொண்டியடிக்கிறது. ஐந்தை ஒட்டிக் கால் மாற்றித் துள்ளி ஓடுகிறது. நொண்டி, பாண்டி, தட்டாமாலை ஆகிய நம் தெருவிளையாட்டுகளே நடனத்துக்கான முதல் பாடத்திட்டம்.

ஆடுவதைவிட அருமையான பாடம் ஒன்று உண்டு: நிற்பது. பாட்டு நின்றதும் சிலையாக உறைவதைப் பிள்ளைகள் 'ஸ்டேச்சு' என்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காலுக்கு நில் என்று மூளையின் முன்பகுதி கட்டளையிட வேண்டும். அந்தக் கட்டளைத் திறன் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே வேகமாக வளர்கிறது. வரிசையில் நிற்பதற்கும், பக்கத்துப் பிள்ளையின் பொம்மையைப் பிடுங்காமல் இருப்பதற்கும், பின்னாளில் கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு விடை எழுதுவதற்கும் இதே திறன்தான் அடிப்படை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட ஆடி நிற்கும் விளையாட்டுகளைத் தொடர்ந்து கொடுத்தார்கள். தொடக்கத்தில் தன்னடக்கம் குறைவாக இருந்த பிள்ளைகளிடம் முன்னேற்றம் தெரிந்ததாக 2011இல் எழுதினார்கள்.

முட்டியும் பாதமும்

இப்போது வளைக்கக் கூடாததைப் பார்ப்போம். பிறந்த குழந்தையின் கால்கள் வில்போல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். இரண்டு வயதுவாக்கில் நேராகும். அதோடு நிற்காமல் மறுபக்கம் சாய்ந்து, மூன்று நான்கு வயதில் முட்டிகள் ஒன்றோடொன்று உரசும். ஏழு வயதுக்குள் மீண்டும் நேராகிவிடும். இது நோயல்ல, வளர்ச்சியின் ஒழுங்கு. தொடையெலும்பும் அப்படித்தான்: பிறக்கும்போது அதன் கழுத்துப்பகுதி ஏறத்தாழ 40 டிகிரி முன்னோக்கி முறுக்கியிருக்கும். வளர்ந்த பிறகு அது 15 டிகிரி அளவுக்குக் குறையும். அந்த முறுக்கு மிகுந்திருக்கும் வரை கால்கள் உள்நோக்கித் திரும்பவே விரும்பும்.

முட்டி மடக்கி அரைவாசி தாழ்ந்து நிற்கும் அரைமண்டி கேட்பது நேர் எதிரானது. இடுப்பிலிருந்து தொடை வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், முட்டி பாதவிரலின் நேரே மடங்க வேண்டும். முட்டிகள் உள்ளே சாயும் மூன்று வயதில் இதைக் கட்டாயப்படுத்தினால் இடுப்பு திரும்பாது. திரும்பியதுபோல் காட்ட, முட்டியும் கணுக்காலும் முறுக்கிக்கொள்ளும். பாரம் தவறான இடத்தில் விழும். அதற்கு மேல் சிமெண்டுத் தரையில் ஓங்கித் தட்டச் சொன்னால், அந்த அதிர்வு முழுவதும் இன்னும் ஓரளவு குருத்தெலும்பாகவே இருக்கும் கால் எலும்புகளுக்குப் போகிறது. மண்தரையும் மரப்பலகைத் தரையும் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும்.

வெறுங்காலில் ஆடுவது மட்டும் நம் மரபின் கொடை. இந்த வயதில் பாதம் தட்டையாக இருப்பது இயல்பு. உள்வளைவு பத்து வயதுக்குள் மெல்ல உருவாகும். கர்நாடகத்தைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற மருத்துவர்கள் நான்கு முதல் பதின்மூன்று வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலில் வளர்ந்தவர்களில் அது 2.8 விழுக்காடு. மூடிய பாதத்தைவிடத் தரையைத் தொடும் பாதத்துக்கு வேலை அதிகம். கூட்டிச் சுத்தம் செய்த தரை என்பது மட்டும் நிபந்தனை.

எந்த வயதில் தொடங்குவது என்பதற்கு எல்லையோரத்துக் கதை ஒன்றிலேயே விடை உண்டு. குமுளிக்கு மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமியன்று இரு மாநிலத்தவரும் மலையேறுகிறார்கள். இடுக்கியின் கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்ட மன்னான் பழங்குடி மக்களின் கூத்திலும் கோவலன் கண்ணகி கதையே பாடப்படுகிறது. அந்தக் கதையைக் காப்பியமாக்கிய இளங்கோவடிகள், நடனமங்கை மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறினாள் என்கிறார். அப்படியானால் பயிற்சி தொடங்கியது ஐந்தில். நாட்டியத்தையே குலத்தொழிலாகக் கொண்ட வீட்டிலும் ஐந்து வரை பொறுத்திருந்திருக்கிறார்கள்.

வட்டத்தின் கடைசிக் கை

ஐந்து வரை என்ன செய்வது? விடை ஊரிலேயே இருக்கிறது. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் கொங்குநாட்டில் வள்ளி கும்மி மறுபடியும் செழித்திருக்கிறது. கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் தம் முதிய வயதில், 2024இல், பத்மஸ்ரீ பெற்றார். பாலக்காட்டின் அட்டப்பாடியில் இருளர் மக்கள் தவிலும் கொகல் என்னும் குழலும் முழங்க வட்டமிட்டு ஆடுகிறார்கள். அங்கே பாடி வளர்ந்த நஞ்சியம்மா முறையான இசைப் பயிற்சி இல்லாமலேயே 'அய்யப்பனும் கோஷியும்' படப் பாட்டுக்குத் தேசிய விருது பெற்றார்.

இப்படி ஒரு வட்டத்தின் கடைசியில் நிற்கும் சின்னக் குழந்தையைக் கவனித்துப் பாருங்கள். முன்னே போகிற அக்காளின் பாவாடையை ஒரு கையால் பிடித்திருக்கும். மூன்று கொட்டுக்கு ஒரு கொட்டு விழும். திரும்ப வேண்டிய இடத்தில் அரைநொடி கழித்துத் திரும்பும். யாரும் நிறுத்தித் திருத்துவதில்லை. வட்டம் நகர்கிறது, பிள்ளையும் நகர்கிறது. நான்காம் சுற்றில் கொட்டு சேர்ந்துவிடும். அப்போது அந்த முகத்தில் வரும் சிரிப்புக்கும் அறிவியலில் சான்று உண்டு. ஐந்து மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்வொன்றில், இசையோடு அசைவு எவ்வளவு பொருந்தியதோ அவ்வளவுக்குக் குழந்தைகள் அதிகம் சிரித்தார்கள்.

சேர்ந்து ஆடுவது மனதையும் சேர்க்கிறது. மெக்மாஸ்டரில் 2014இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு பதினான்கு மாதக் குழந்தைகளைப் பற்றியது. தன்னோடு ஒரே தாளத்தில் துள்ளிய ஆள் பிறகு ஒரு பொருளைத் தவறவிட்டபோது, அந்தக் குழந்தைகள் அதிகமாக எடுத்துக்கொடுத்து உதவினார்கள். தாளம் பொருந்தாமல் துள்ளியவருக்கு அவ்வளவு உதவி கிடைக்கவில்லை. தமிழும் மலையாளமும் பழங்குடி மொழிகளும் பேசும் பிள்ளைகள் ஒரே பாயில் உட்காரும் எல்லையோர அங்கன்வாடிக்கு இதைவிட நல்ல மருந்து ஏது? சொல் புரியாத பிள்ளைக்கும் கொட்டு புரியும்.

இருபது நிமிடம் போதும்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடலசைவோடு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும் ஆட்டமாக இருக்க வேண்டும். நடனத்துக்கு அதில் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். முதலில் வட்டமாக நடை: யானை நடை, முயல் துள்ளல், கொக்கின் ஒற்றைக்கால். பிறகு கைகொட்டல், பிள்ளையின் வேகத்தில். பிறகு ஒருநாள் தக, ஒருநாள் தகிட என்று சொற்கட்டை வாயால் சொல்லித் துள்ளல். நடுநடுவே ஸ்டேச்சு. டீச்சர் எதிரில் நின்று காட்டினால் கண்ணாடிபோல் இடக்கையைத் தூக்கட்டும், பிள்ளைகள் வலக்கையைத் தூக்குவார்கள். இடம் வலம் உறுதிப்பட ஆறு ஏழு வயதாகும். கடைசியில் தரையில் படுத்து மூச்சு வாங்கல்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் ஊர் ஊராக இருக்கிறது. ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. அந்தக் கூடங்களுக்கு வாரம் ஒருநாள் ஊர்க் கும்மிக்காரப் பாட்டி ஒருவரையோ தவில்காரர் ஒருவரையோ அழைத்து, அவருக்கு முறையான சம்பளமும் கொடுத்தால் வகுப்பு தொடங்கிவிடும். பஞ்சாயத்துகள் இதைச் செய்ய வேண்டும்.

டீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள். மூன்று வயதில் வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அரைமண்டியை ஆறு ஏழு வயது வரை ஒத்திவையுங்கள். அதுவரை தாளத்தையும் நிற்பதையும் மட்டும் கொடுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: வகுப்பு முடிந்ததும் "இன்னிக்கு என்ன அடவு?" என்று கேட்காதீர்கள். கைபேசியை மேலே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பிள்ளையோடு பத்து நிமிடம் கைகொட்டுங்கள், அதன் வேகத்தில். பாட்டியின் பழமொழி சரியானது. ஐந்துக்குள் வளைய வேண்டியது காதும் கவனமும். முட்டிக்கு இன்னும் காலம் இருக்கிறது.